தூண்டுதலின் பேரில்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பாஸாகி, கல்லூரிக்குள்ளும் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அப்பா லேத் பட்டறையில் வேலை செய்தார். தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. ஒரு பஞ்சாலையின் கழிவுப் பஞ்சு கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. தொண்ணூறுகளின் நடுவில், நான் கோவையில் சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சந்தில் யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும், யாருடைய வீட்டுக்காரர் வாடகை ஏற்றினாலும், என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பாதிக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். அன்றைக்கு நடந்த பாடத்தை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும். அவர் அடுப்படியில் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். நான் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நோட்டைப் பிரிப்பேன். அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் வந்து நின்றுகொள்வார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சண்டையும் சந்தேகமும் மட்டும் பெரியம்மாவுக்குத் தமிழில்தான் வரும். அம்மாவுக்கும் அவருக்கும் இருபது வருடப் போட்டி. யார் வீட்டு வாசல் முதலில் தெளிக்கப்பட்டது, யார் வீட்டு ரசம் தெருமுனை வரை மணந்தது என்று எல்லாவற்றிலும் போட்டி. ஒரு நாள் பேசாமல் இருந்தால் இருவருக்கும் சோறு இறங்காது.

அவதூறு பற்றிய பாடத்தை நான் சொன்ன பிறகு ஒரு வாரம் குழாயடியில் யார் யாரைத் திட்டினாலும், "நீங்க பேசுனது அவதூறுங்க, தெரிஞ்சுக்குங்க" என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட சந்து அது.

குற்றத்துக்குத் தூண்டுவது பற்றி வகுப்பு எடுத்த அன்றும் அப்படித்தான் நோட்டைப் பிரித்தேன். இந்திய தண்டனைச் சட்டம், நூற்றி ஏழாம் பிரிவு. எங்கள் பேராசிரியர் சொன்ன உதாரணத்தையே அவர்களுக்கும் சொன்னேன். ஒருவன் பக்கத்துத் தோப்பில் புகுந்து தேங்காய் பறிக்கிறான். 'ஏறு, ஏறு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஏற்றிவிட்டவன் தூண்டியவன். முந்தைய நாள் அவனோடு உட்கார்ந்து திட்டம் போட்டவனும் அதில் சேர்த்திதான். தெரிந்தே ஏணி கொடுத்தவனும் சேர்த்தி. வழியில் நின்று வேடிக்கை பார்த்தவன் மட்டும் வரமாட்டான்.

"ஏணி குடுத்தவனுக்குமா?" என்றார் பெரியம்மா. "ஏனுங் கண்ணு, ஒறம்பரைக்காரன்னு சொந்தத்துல ஒருத்தன் வந்து ஏணி கேட்டா இல்லைன்னா சொல்றது?"

"எதுக்குன்னு தெரிஞ்சு குடுத்தாத்தாங்க பெரியம்மா."

"அப்பக் கேக்காமயே குடுத்துப்போடோணும்."

அம்மாவுக்கு வேறு கவலை. "நான் உங்கப்பனைத் தெனமும் எங்கயாச்சும் போய்த் தொலைங்கன்னு சொல்றேன். அவரு நெசமாலுமே போயிட்டா?"

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வதெல்லாம் தூண்டுதல் ஆகாது என்றேன். சொன்னவருக்கு அந்தச் செயல் நடக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். அந்தப் பேச்சுதான் செய்தவரைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். கிளப்பிவிட்ட காரியமும் சட்டப்படி குற்றமாக இருக்க வேண்டும். அம்மா நிம்மதியாக வெங்காயத்துக்குத் திரும்பினார். கையால் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதேதான் வாயால் செய்தவனுக்கும் என்று நான் கடைசியாகச் சொன்னதை இருவரும் நம்பவில்லை. அது ரொம்ப அநியாயம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. எனக்கு மேல்வகுப்பில் இருந்த அக்காமார்கள், வக்கீலாகப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் உன்மேல் ஏதாவது கிரிமினல் வழக்கு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும் என்றார்கள். உண்டு என்று எழுதினால் காகிதம் அங்கேயே தூங்கிவிடும், கறுப்புக் கோட்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்று பயமுறுத்தினார்கள். அதை வந்து வீட்டில் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கவும் எனக்கு அனுமதி கிடையாது. "எந்த வம்புக்கும் போயிராத அம்மணி. உன்ற பேரு போலீஸ் நோட்டுல வந்துச்சுன்னா நான் பஞ்சு பொறுக்குனதெல்லாம் வீண்" என்பார். தினமும் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு வருகிறவர் சொல்லும்போது எனக்கு எதிர்த்துப் பேச வராது.

அந்த வருடம் வெயில் காலத்தில் எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் வருவது நின்றது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு தண்ணீர் நாக்கில் ஒட்டாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மெயின் ரோட்டில் யாரோ எதற்கோ தோண்டியபோது குழாய் உடைந்ததாகச் சொன்னார்கள். பதினோரு நாள். மாநகராட்சிக்கு இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, முதல் மனு எங்கே என்று கேட்டார்கள். பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு உக்கடம் குளத்தின் அந்தப் பக்கம் வரை நடந்து போய், யார் யார் வாசலிலோ நின்று கெஞ்சி வாங்கி வந்தார்கள். அம்மா கிடங்கு வேலைக்குப் போகும் முன் இரண்டு நடை, வந்த பின் இரண்டு நடை.

பதினோராம் நாள் சாயங்காலம், வறண்ட குழாயடியிலேயே எல்லோரும் பழக்க தோஷத்தில் கூடியிருந்தார்கள். நானும் போய் நின்றேன். நாளைக்குக் காலையில் ரோட்டில் உட்கார்ந்துவிடுவது என்று அதற்குள் பேசி முடித்திருந்தார்கள். யாருக்கும் அது புதிய விஷயமாகத் தெரியவில்லை. என்ன குழம்பு வைப்பது என்பதுபோல எந்த இடத்தில் உட்காருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தயக்கம்தான் இருந்தது. போன முறை வேறொரு தெருவில் உட்கார்ந்தவர்கள்மேல் வழக்குப் போட்டார்களாம்.

அன்று காலையில்தான் எங்களுக்குச் சட்டவிரோதக் கூட்டம் பற்றிய பாடம் தொடங்கியிருந்தது. மணி அடித்ததால் பாதியில் நின்றது. ஆனால் முதல் வரி என் நாக்கு நுனியில் இருந்தது. சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

"அஞ்சு பேரு, இல்ல அதுக்கு மேல சேர்ந்தாத்தாங்க சட்டவிரோதக் கூட்டம். நாலு பேருன்னா அந்தப் பிரிவே வராது."

குழாயடி அமைதியானது. இருபது வயதில் ஒரு கூட்டத்தை அமைதியாக்குவதில் இருக்கும் சுகம் சாதாரணம் இல்லை.

"அப்ப நாலு நாலாப் பிரிஞ்சு உக்காந்தா?" என்று கேட்டது பெரியம்மா.

"உக்காரலாங்க. நடுவுல நல்லா எடம் விட்டுட்டு."

"எத்தன அடி?"

பாடத்தில் அடிக்கணக்கு எதுவும் இல்லை. "பத்தடி" என்றேன்.

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார். பிறகு சட்டென்று முகம் மாறி, "நீ நாளைக்கு இந்தப் பக்கமே தல காட்டக்கூடாது. காலேஜுக்குப் போ" என்றார்.

போனேன். மறுநாள் முதல் வகுப்பிலேயே பேராசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கூட்டம் என்பதற்குத் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது, எல்லோருக்கும் நோக்கம் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரே நோக்கத்தோடு ஒரே இடத்தில் கூடியவர்கள், ஆளுக்கு ஒரு மூலையில் நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே கூட்டம். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நோட்டில் எழுதிய 'ஒரே நோக்கம்' என்ற இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி என்று நான் அளந்து கொடுத்த இடைவெளியில் அப்போது நேரே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

மதியம் டவுன் பஸ் உக்கடத்துக்கு முன்னாலேயே ஊர்ந்தது. "பொம்பளைங்க மறியலுங்க. இப்பத்தான் வேனுல ஏத்திட்டுப் போனாங்க. ஆனா ஒண்ணுங்க, என்ற சர்வீஸ்ல இப்பிடி ஒரு மறியலப் பாத்ததில்ல. நாலு நாலு பேரா, பந்தியில எல போட்டாப்ல உக்காந்திருந்தாங்க" என்று கண்டக்டர் டிரைவரிடம் வியந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் மறியல் செய்கிறவர்களைப் பிடித்தால் ஜெயிலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சோற்றுப் பொட்டலம் கொடுத்து, பொழுதோடு விட்டுவிடுவார்கள். எங்கே என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. நேரே மண்டபத்துக்குப் போனேன். வாசலில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய வாழை மரம் காய்ந்து நின்றது. காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். "சாப்பாட்டு ஹால்ல இருக்காங்க" என்று, கல்யாணத்துக்கு வந்தவளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

உள்ளே இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள். அங்கேயும் நாலு நாலாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மூன்று பேர் மிஞ்சியதால் அவர்களுக்கு நடுவே ஒரு குடத்தை வைத்து நாலாக்கியிருந்தார்கள். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, உப்பு எச்சு, கரிக்குது என்று குறை சொல்லிக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது. கிடங்கில் மின்விசிறி கிடையாது. அம்மா கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை; அன்று நீட்டியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்குப் பொட்டலம் கையிலிருந்து நழுவியது. வெளியே போ என்று கண்ணாலேயே துரத்தினார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

நடுவில் மேஜை போட்டு ஏட்டய்யா எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர். முப்பது வயதுக்குள் இருப்பார். காலையிலிருந்து வெயிலில் நின்றதில் முகம் கறுத்திருந்தது. இன்னும் சாப்பிடவில்லை என்பது அவர் பொட்டலங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஏட்டய்யாவிடம் இந்த மாதிரிக் காரியங்களுக்கென்று ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தபடியே எழுதினார்: "மேற்படி நபர்கள் அனைவரும், இன்னாரின் தூண்டுதலின் பேரில், போக்குவரத்துக்கு இடையூறு செய்யும் நோக்கத்துடன் கூடி…" இன்னார் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் காலியாக விட்டிருந்தார். பேனாவை அங்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா தூண்டிவிட்டது?" என்றார் எஸ்.ஐ.

எல்லோரும் புளிசாதத்துக்குக் குனிந்துகொண்டார்கள்.

"சும்மா உக்காந்திருந்தீங்கன்னா நான் கேக்கவே மாட்டேன். எழுதிக்கிட்டு அனுப்பிச்சிருப்பேன். இதென்ன நாலு நாலா? நடுவுல அளந்து வெச்சாப்ல எடம்? இன்ஸ்பெக்டர் ஜீப்ல போறப்பப் பாத்துட்டு, யாரோ படிச்ச ஆளு பின்னால இருக்கான், கண்டுபிடிய்யான்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. யாரு அது?"

என் முதுகு தூணில் ஒட்டிக்கொண்டது.

அம்மா கையை இலையிலேயே துடைத்துவிட்டு எழுந்தார். "ஏனுங் சார், அது தாயம் வெளையாடறதுக்குங்க."

"என்னது?"

"தாயத்துக்கு நாலு பேரு வேணுமுங்களே. அதனால நாலு நாலா உக்காந்தோம்."

"நடு ரோட்டுலயா?"

"பஸ்ஸெல்லாம் நிக்குதுங்க. அதுவரைக்கும் சும்மா உக்காந்துட்டு என்ன பண்றது?"

எஸ்.ஐ. ஏட்டய்யாவைப் பார்த்தார். ஏட்டய்யா பேனாவைப் பார்த்தார். "காய் எங்க?" என்றார் எஸ்.ஐ.

பெரியம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நாலு கொட்டைப்பாக்கை எடுத்துத் தரையில் வைத்தார். மண்டபமே சிரித்தது. ஓரத்தில் நின்ற பெண் போலீஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"நான் என்ன கேணயனா?" எஸ்.ஐ. மேஜையைத் தட்டினார். "இது பொம்பளைங்க ரோசனையே கெடையாது."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சிரிப்பு நின்றது.

"ஏனுங், பொம்பளைங்களுக்கு ரோசன இருக்காதுங்களா?" என்றார் அம்மா. "எழுதிக்குங்க ஏட்டய்யா. நாந்தான் சொன்னேன். ரோட்டுல உக்காருங்கன்னு சொன்னது நானு. நாலு நாலா உக்காருங்கன்னு சொன்னதும் நானு."

ஏட்டய்யா எழுதக் குனிந்தார். அம்மா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். காலியிடத்தில் தன் பெயர் விழுந்தால் என் பெயர் விழாது. ஆனால் பெரியம்மாவுக்கு அந்த நேரத்தில் அது தெரியவில்லை. இருபது வருடப் போட்டிதான் அவர் காதில் விழுந்தது.

"அவ எங்கீங்க சொன்னா?" என்று எழுந்துவிட்டார். "நாலு நாலான்னு மொதல்ல வாயத் தொறந்தது நானுங்க. குழாயடியில எல்லாருந்தான் இருந்தாங்க, கேட்டுப் பாருங்க. இவ பின்னால வந்து ஆமாம் போட்டா."

"நானா ஆமாம் போட்டேன்? ரோட்டுக்குப் போலாம்னு எட்டு நாளாச் சொல்லிட்டிருக்கறது ஆரு?"

"சொல்லிட்டிருந்த, சரி, கொடத்தத் தூக்கிட்டு மொதல்ல கெளம்புனது ஆரு?"

கடைசி வீட்டுக்காரர் எழுந்து, இடம் பார்த்துச் சொன்னது தான்தான் என்றார். இன்னொருவர், எருமைக்குத் தண்ணீர் இல்லாமல் முதலில் அழுதது தான் என்றார். ஏட்டய்யா ஒரு பெயரை எழுதி அடித்தார். இன்னொன்றை எழுதி அடித்தார். நாலாவது பெயருக்கு அந்த இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. தூண்டியவருக்கும் செய்தவருக்கு உள்ள அதே தண்டனைதான் என்று நான் அடுப்படியில் சொன்னபோது நம்பாதவர்கள், இப்போது அந்தப் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள்.

நான் தூணை விட்டு வந்தேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். என் பாடத்தில் பாதியைக் கேட்டு உட்கார்ந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒருத்தி என் அம்மா. நான் படித்தவள் என்று இத்தனை நாள் நிமிர்ந்து நடந்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் தூணுக்குப் பின்னால் நிற்க எனக்குக் கேவலமாக இருந்தது.

"சார், அந்த இடத்துல என் பேர எழுதிக்குங்க" என்றேன். "நாலு பேருன்னா கூட்டம் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். பத்தடி இடைவெளியும் நான்தான். நான் லா காலேஜ்ல படிக்கறேன்."

"அடிப் பாவி" என்றார் அம்மா.

எஸ்.ஐ.க்கு முதன்முறையாக முகத்தில் உயிர் வந்தது. நாற்காலியில் நிமிர்ந்தார். "வாம்மா. நீதானா அந்தப் படிச்ச ஆளு. அப்ப நீ சொல்லித்தான் இவங்கெல்லாம் ரோட்டுக்கு வந்தாங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எனக்கும் மேஜைக்கும் நடுவே வந்து நின்றார்.

"ஆரு சொல்லி ஆரு வந்தா?" என்றார். எஸ்.ஐ.யிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "ஏம்புள்ள, நீ சொல்லித்தான் நான் ரோட்டுல உக்காந்தனா? உன்னய வவுத்துல வெச்சுக்கிட்டு, இதே தண்ணிக்கு, இதே ரோட்டுல உக்காந்தவ நானு. அன்னைக்கு உனக்கு என்ன தெரியும்? நூத்தி ஏழு தெரியுமா?"

முதலில் இதுவும் என்னைக் காப்பாற்றும் வேலைதான் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அது நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. பதினோரு நாள் குடம் சுமந்தது அவர், வெயிலில் உட்கார்ந்தது அவர். நான் வந்து ஒரே வரியில் எல்லாம் என்னால் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா அதுவரை நின்ற பக்கத்தை மாற்றிக்கொண்டு அம்மாவோடு சேர்ந்துவிட்டார். "நல்லாக் கேளு தங்கச்சி. நேத்துப் பொறந்த புள்ள, நம்மளத் தூண்டுனாளாம். ஏனுங் சார், நாங்க ரோட்டுக்குப் போறதுன்னு பேசி முடிச்ச பொறகுதான் இவ குழாயடிக்கே வந்தா. எப்பிடி உக்காரோணும்னு மட்டுந்தான் சொன்னா. அதுவும் வழக்கு வராம உக்காரத்தான் சொல்லிக்குடுத்தா. தப்பாச் சொல்லிக்குடுத்தா போல, அது அவ வாத்தியாரு பாடு."

"ரோட்டுல உக்கார்றதுக்குப் படிச்சுட்டு வரோணுமுங்களா?" என்று குடத்தோடு உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தண்ணி வந்திருந்தா இவ என்ன சொல்லியிருந்தாலும் ஊட்டுல தொணி தொவச்சுட்டு இருந்திருப்போமுங்க" என்றது இன்னொரு குரல்.

நான் அங்கேயே நின்றேன். தேங்காய், ஏணி, எண்ணம், விளைவு என்று நோட்டில் நான் வரிசையாக எழுதியிருந்த அத்தனையையும் அவர்கள் புளிசாதக் கையோடு சொல்லி முடித்துவிட்டார்கள். ஏற்கனவே மரத்தில் ஏறியவர்களை நான் எப்படி ஏற்றிவிட்டிருக்க முடியும்? என் எண்ணம் வழக்கு வரக்கூடாது என்பதாகத்தான் இருந்தது. ஏணி கொடுத்த வகையில் என்னைப் பிடிக்கலாமோ என்று ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. அதை அந்த இடத்தில் நான் எழுப்பவில்லை.

எஸ்.ஐ. எங்களையும் கிழிந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் குடிநீர்ப் பிரிவிலிருந்து ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, குழாயைச் சரி செய்துகொண்டிருக்கிறார்கள், அதுவரை லாரியில் தண்ணீர் வரும் என்று சொன்னார். எஸ்.ஐ.க்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏட்டய்யா, வேற பேப்பர் எடுங்க" என்றார். "இன்னாரின் தூண்டுதலின் பேரில்ங்கறத விட்டுருங்க."

"விட்டுட்டா வாக்கியம் நிக்காதுங்களே சார். என்ன போடறது?"

"குடிநீர் வராத காரணத்தால்னு போடுங்க."

ஏட்டய்யா பல வருடமாக எழுதிய வாக்கியம் அது. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு எழுதினார். இன்ஸ்பெக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று முணுமுணுத்தார். "அவரையே போய்த் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க" என்றார் எஸ்.ஐ.

வழக்கு வேண்டாம், இனிமேல் இப்படிச் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது. எங்கள் பக்கம் இப்படியெல்லாம் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்கள். 'நாங்கள் இனிமேல் சாலை மறியல் செய்ய மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்' என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"அதெப்படி?" என்றார் பெரியம்மா. "அடுத்த மாசம் திருப்பி நின்னுபோச்சுன்னா?"

"தண்ணி வந்தா உக்கார மாட்டோம்னு எழுது கண்ணு" என்றார் அம்மா. "வரலைன்னா என்ன பண்றதுன்னு இப்ப எப்பிடிச் சொல்றது?"

நான் எஸ்.ஐ.யைப் பார்த்தேன். அவர் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுதியதை அடித்துவிட்டு, 'குடிநீர் முறையாக வழங்கப்படும் பட்சத்தில்' என்று முன்னால் சேர்த்தேன். மனுக்களை விட்டால், சட்டம் தெரிந்தவளாக நான் எழுதிய முதல் ஆவணம் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ எழுதியாகிவிட்டது. இன்றுவரை எனக்குப் பிடித்தது அந்த ஒரு சொற்றொடர்தான். எஸ்.ஐ. ஒரு கையில் புளிசாதத்தோடு அதைப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார், ஏட்டய்யாவிடம் நீட்டினார். இருபத்து மூன்று கட்டைவிரல் ரேகைகளும் கையெழுத்துகளும் விழுந்தன. என்னை யாரும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தவர்களில் ஒருத்தி இல்லையே.

வெயில் இறங்கிய பிறகு எல்லோரும் காலிக் குடங்களோடு நடந்து திரும்பினோம். அம்மா என்னைத் தாண்டி முன்னால் நடந்தார். பெரியம்மாவோடு, அந்த மண்டபத்துச் சமையல்கட்டு எவ்வளவு பெரியது என்று பேசிக்கொண்டே வந்தார். சந்து முனைக்கு வந்ததும் லாரி நிற்பது தெரிந்தது. குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். அம்மா மட்டும் ஒரு நொடி நின்று என் பக்கம் திரும்பினார்.

"உன்ற பேரு எதுலயும் வரலயில்ல?"

"வரலைம்மா. நல்லாப் பாத்தேன்."

"அது போதும்" என்றவர், நாலடி போய்த் திரும்பினார். "திங்கக்கெழம போய் அந்தப் பாடத்த முழுசாக் கேட்டுட்டு வா. இருபத்தி மூணு பேரையும் எப்பிடித்தான் உக்கார வெக்கறதுன்னு."

அது கேள்வியா, உத்தரவா என்று நான் யோசிப்பதற்குள் அவர் வரிசையில் போய் நின்றுவிட்டார். பெரியம்மாவுக்கு முன்னால்.